முதுமைக் கண்ணுக்கு ஒளி தந்தோர்

அரபு மொழியில் 'பஸர்' என்பது புறக்கண்ணின் பார்வையைக் குறிக்கும். 'பஸீரத்' என்பது அகக்கண்ணின் பார்வையைக் குறிக்கும். இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள். பார்வை இழந்த ஒருவரை 'பஸீர்', அதாவது நன்கு பார்ப்பவர் என்று மரியாதையாக அழைக்கும் வழக்கமும் அரபியரிடையே உண்டு. நபிமொழித் தொகுப்பாளரான இமாம் திர்மிதி (ரஹ்) அவர்கள் தம் வாழ்வின் பிற்பகுதியில் பார்வை இழந்தவர்கள். கவிஞர் அபுல் அலா அல்மஅர்ரி குழந்தைப் பருவத்திலேயே அம்மை நோயால் பார்வை இழந்தவர். இவ்விருவரின் அறிவுக்கும் புகழுக்கும் அதனால் குறைவொன்றும் நேரவில்லை.

அகப்பார்வையை இவ்வளவு போற்றிய சமுதாயம், புறப்பார்வை மங்குவதை விதியென்று விட்டுவிட்டதா? இல்லை. நோயைத் தந்த இறைவன் அதற்குரிய மருந்தையும் தந்தான் என்ற நபிமொழியின் கருத்தை உள்ளத்தில் கொண்டு, கண்ணுக்கென்றே தனி மருத்துவக் கலையை வளர்த்தது. அந்த வரலாற்றை அறிவதில் பெருமை மட்டுமன்று, நம் வீட்டு முதியோர் பற்றிய ஒரு கடமையும் அடங்கியுள்ளது.

கண் மருத்துவரை அரபியர் 'கஹ்ஹால்' என்றனர். சுர்மாவுக்குரிய அரபுப் பெயரான 'குஹ்ல்' என்பதிலிருந்து பிறந்தது அச்சொல். கண்ணுக்கு மை தீட்டுபவன் என்பது அதன் முதற்பொருள். நாளடைவில் கண் நோய் தீர்க்கும் மருத்துவன் என்று பொருள் விரிந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கிறித்தவ அறிஞர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கண்ணைப் பற்றிப் பத்துப் பகுதிகள் கொண்ட நூலொன்றை அரபியில் எழுதினார். கிரேக்க மருத்துவ அறிவை அரபியில் வடித்த முன்னோடி அவர். அவருக்குப் பின் வந்த பக்தாது மருத்துவர் அலீ இப்னு ஈஸா 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' என்னும் நூலை இயற்றினார். கண் மருத்துவர்களின் நினைவுக் குறிப்பு என்பது அப்பெயரின் பொருள். கண் நோய்களை வகைப்படுத்தி, ஒவ்வொன்றின் அடையாளத்தையும் சிகிச்சையையும் முறையாகச் சொல்லும் அந்நூல், பல நூற்றாண்டுக்காலம் மருத்துவர்களின் கைநூலாக விளங்கிற்று.

முதியோரின் பார்வையை மறைக்கும் நோய்களுள் முதன்மையானது கண்புரை. அரபு மருத்துவர்கள் இதனை 'இறங்கும் நீர்' என்றனர். கருமணிக்குப் பின்னால் ஒரு நீர் இறங்கி உறைந்து பார்வையைத் தடுக்கிறது என்பது அவர்தம் எண்ணம். உண்மையில் கண்ணினுள் இருக்கும் வில்லையே தன் தெளிவை இழந்து மங்குவதுதான் புரை. ஆயினும் அவர்கள் இட்ட பெயர் அழியவில்லை. பதினொன்றாம் நூற்றாண்டில் அரபு மருத்துவ நூல்களை இலத்தீனில் பெயர்த்த ஆப்பிரிக்கரான கான்ஸ்டன்டைன், அதனைக் கொட்டும் நீரைக் குறிக்கும் 'கேட்டராக்டா' என்னும் சொல்லால் வழங்கினார். இன்று மருத்துவமனைகளில் 'கேட்டராக்ட்' என்று சொல்லும்போது, அந்தப் பழைய அரபுச் சொல்லின் நிழல் அதில் ஆடுகிறது.

அக்காலத்தில் புரைக்குச் செய்த சிகிச்சை, ஊசியைக் கண்ணில் செலுத்தி மங்கிய வில்லையைக் கீழே தள்ளிவிடுவது. இந்தியாவின் சுச்ருதரும் இத்தகைய முறையை விவரித்துள்ளார். பார்வைப் பாதையிலிருந்து தடை அகன்றதும் ஒளி உட்புகும். நோயாளி ஓரளவு காண்பார். ஆனால் வில்லையின்றி எதுவும் கூர்மையாகத் தெரியாது. கண் அழுகிப் போகும் ஆபத்தும் மிகுதி. ஏறத்தாழ கி.பி. 1000-ஆம் ஆண்டளவில், மூஸில் நகரில் பிறந்து எகிப்தில் தொழில் புரிந்த அம்மார் இப்னு அலீ என்பவர் வேறொரு வழி கண்டார். உள்ளே துளையுள்ள ஊசியைச் செலுத்திப் புரையை உறிஞ்சி எடுக்கும் முறையைத் தம் நூலில் அவர் எழுதி வைத்தார். தள்ளி வைப்பதைவிட வெளியே எடுப்பதே மேல் என்ற எண்ணம், நவீன மருத்துவத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே ஒருவர் மனத்தில் உதித்திருந்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

அதே காலத்தில் அதே எகிப்தில் வாழ்ந்தவர் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம் (ஏறத்தாழ 965–1040). கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதனால்தான் நாம் காண்கிறோம் என்று யூக்ளிடும் தாலமியும் கூறிச் சென்றனர். அவர் அதனை மறுத்தார். கூரிய ஒளியைப் பார்த்தால் கண் நோகிறதே, அது ஏன்? ஒளி வெளியிலிருந்து கண்ணுக்குள் வருவதனால் அன்றோ! இவ்வாறு ஆய்வும் கணிதமும் கலந்து அவர் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' ஏழு பகுதிகளைக் கொண்டது. ஒளி வளைந்து செல்வதையும், கோள வடிவான பளிங்கின் ஊடே பார்க்கும்போது பொருள் பெரிதாய்த் தோன்றுவதையும் அதன் இறுதிப் பகுதி ஆராய்கிறது.

மூக்குக் கண்ணாடியைக் கண்டுபிடித்தவரே இப்னுல் ஹைதம்தான் என்று நம்மவர் சிலர் மேடைகளில் முழங்குவதுண்டு. இது வரலாறு அன்று. வளைந்த பளிங்கு எழுத்தைப் பெரிதாக்கும் என்பதன் கணக்கை அவர் சொன்னார். அதை முதியோர் கண்ணுக்கு உதவியாக்கலாம் என்று அவர் எழுதவில்லை. அந்த அடுத்த படியை எடுத்து வைத்தவர் வேறொருவர். இப்னுல் ஹைதமின் நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவை அடைந்தது. அதைக் கற்ற ஆங்கிலத் துறவி ரோஜர் பேக்கன், 1267-ஆம் ஆண்டளவில் எழுதிய தம் பெருநூலில், கண்ணாடிக் கோளத்தின் ஒரு துண்டை எழுத்தின்மீது வைத்தால் முதியோருக்கும் பார்வை குன்றியோருக்கும் அது பயன்படும் என்று குறிப்பிட்டார்.

பின்னர் ஏறத்தாழ 1286-ஆம் ஆண்டளவில் இத்தாலியில் இரு வில்லைகளைச் சட்டத்தில் கோத்துக் கண்முன் வைக்கும் மூக்குக் கண்ணாடி பிறந்தது. முதலில் செய்தவர் பெயர் வரலாற்றில் நிற்கவில்லை. 1306-இல் பிளாரன்ஸ் நகரில் சமய உரை நிகழ்த்திய ஜோர்தானோ என்னும் துறவி, இக்கலை தோன்றி இருபது ஆண்டுகூட ஆகவில்லை என்று வியந்து பேசினார். பீசா நகரில் அலெசாண்ட்ரோ டெல்லா ஸ்பினா என்ற மற்றொரு துறவி இருந்தார். முதலில் கண்டவர் செய்முறையைச் சொல்ல மறுக்க, இவர் பார்த்தே தாமும் செய்தார். செய்ததோடு நில்லாமல் மகிழ்ச்சியுடன் எல்லாருக்கும் வழங்கினார் என்று அவர் மடத்தின் ஏடு அவரைப் பாராட்டுகிறது. 1313-இல் அவர் மறைந்தார். அறிவை மறைத்தவர் பெயர் மறைந்தது. பகிர்ந்தவர் பெயர் நிலைத்தது. இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. பஸராவில் பிறந்தவர் கணக்கைத் தந்தார்; இங்கிலாந்தவர் பயனைச் சுட்டினார்; இத்தாலியர் கருவியைச் செய்தார். அறிவு எவர் ஒருவருக்கும் சொந்தமன்று. அது கைமாறிக் கைமாறி வளர்வது.

கண்ணாடி கிடைத்துவிட்டது, அது ஏன் உதவுகிறது என்பது விளங்க மேலும் முந்நூறு ஆண்டுகள் ஆயின. உருவம் பதிவது வில்லையில் அன்று, பின்னாலுள்ள விழித்திரையில் என்பதை 1604-இல் ஜெர்மானிய அறிஞர் கெப்ளர் நிறுவினார். நாற்பதைக் கடந்தவுடன் வெள்ளெழுத்து வருவதன் காரணமும் பின்னர் தெளிவாயிற்று. கண்ணின் வில்லை இறுகி, அருகிலுள்ள எழுத்துக்கு ஏற்பக் குவிய இயலாமல் போகிறது. குவிந்த கண்ணாடி அந்தக் குறையை ஈடு செய்கிறது.

கண்ணாடியும் கைகொடுக்காத நிலையில் என்ன செய்வது? இதற்கும் நம் வரலாற்றில் ஒரு விடை உண்டு. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பக்தாதில் வாழ்ந்த ஜைனுத்தீன் அல்ஆமிதி என்னும் ஹன்பலி அறிஞர் இளமையிலேயே பார்வை இழந்தவர். புத்தக வணிகமும் செய்தார். ஒரு நூலை வாங்கியதும் மெல்லிய காகிதத்தை நூல்போல் திரித்து, விலைக்குரிய அப்ஜத் எழுத்தின் வடிவாக வளைத்து, அட்டையின் உட்புறம் ஒட்டி வைப்பார். விலை மறந்தால் விரலால் தடவி அறிந்துகொள்வார். பார்வையற்ற பெருமக்களின் வரலாறுகளைத் தொகுத்த ஸஃபதீ (மறைவு 1363) இச்செய்தியைப் பதிவு செய்துள்ளார். பிரெஞ்சு இளைஞர் லூயி பிரெயில் புள்ளி எழுத்து முறையை 1824-இல் உருவாக்குவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, விரல் கண்ணாக முடியும் என்று ஓர் ஆலிம் காட்டியிருக்கிறார்.

புரை மருத்துவத்தின் பிற்கால வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1747-இல் பிரெஞ்சு மருத்துவர் தாவியேல், மங்கிய வில்லையைக் கண்ணிலிருந்து வெளியே எடுக்கும் முறையைத் தொடங்கினார். அதன்பின் நோயாளிகள் தடித்த கண்ணாடி அணிந்தே காண வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானக் கூரையின் பிளாஸ்டிக் துண்டுகள் விமானிகளின் கண்ணில் தைத்தும் தீங்கு விளைவிக்காததைக் கண்ட லண்டன் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி, அத்தகைய பொருளிலேயே வில்லை செய்து 1949 நவம்பரில் ஒரு நோயாளியின் கண்ணுள் பொருத்தினார். நம் மதுரையில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டு நோயால் வளைந்துபோன விரல்களைக் கொண்டே கண்ணில் அறுவை செய்தவர் அவர். 1992 முதல் அவ்வில்லைகள் மதுரையிலேயே குறைந்த விலையில் செய்யப்படலாயின. செல்வர்க்கே கிட்டிய பார்வை ஏழைக்கும் கிட்டிற்று.

இத்தனை பேர் உழைத்தும், நம் வீடுகளில் நிகழ்வது என்ன? "வயசாகி விட்டது, கண் அப்படித்தான் இருக்கும்" என்று பெரியவர்கள் தாமே சொல்லிக்கொள்கிறார்கள். நாமும் தலையசைத்து விடுகிறோம். வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போதும். புரைக்கு அறுவை போதும். ஆனால் கண்ணுள் அழுத்தம் மிகுவதால் வரும் நோயும், நீரிழிவால் விழித்திரை கெடுவதும் பெரும்பாலும் வலியின்றி வருகின்றன. அவற்றால் இழந்த பார்வை பெரும்பாலும் மீள்வதில்லை. இவை எல்லாவற்றுக்கும் 'வயசு' என்ற ஒரே பெயரை இட்டு வாளாவிருப்பதுதான் பெருங்கேடு. எது எந்த நோய் என்பதைச் சோதித்தறியாமல் எவரும் சொல்ல இயலாது.

மருத்துவம் முடிந்தும் பார்வை முழுதும் திரும்பாதவர்களுக்கும் வழி உண்டு. அறுபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதினர் பெறுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆகவே ஓதும் இடத்தில் நல்ல விளக்கு வேண்டும். அது கண்ணில் கூசாமல் ஏட்டின்மீது விழ வேண்டும். பூதக் கண்ணாடியும் பெரிய எழுத்துப் பிரதியும் உதவும். படிக்கட்டின் ஓரத்தில் பளிச்சென்ற வண்ணம் பூசினால் கால் இடறாது. வெள்ளைச் சுவரருகே வெள்ளைக் குவளையை வைக்காமல் நிறம் மாற்றி வைத்தாலே கை தடுமாறாது. இவை பெருஞ்செலவு பிடிக்கும் செயல்கள் அல்ல.

நடுவில் மூலமும் ஓரங்களில் பொடி எழுத்தில் உரையுமாக அச்சிட்ட பழைய கிதாபுகளைக் கற்றுத் தேர்ந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ரேஹலில் முஸ்ஹஃபை விரித்து, எழுத்துத் தெரியாமல் மூடி வைத்துவிட்டு, மனனமாய் உள்ளதை மட்டும் ஓதிக்கொண்டிருக்கும் உம்மம்மாக்களும் இருக்கிறார்கள். தெரியவில்லை என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிள்ளைகளுக்குத் தொல்லையாகிவிடுமே என்ற கூச்சம் தடுக்கிறது. முன்னோர் கண்டதைச் சொல்லி மகிழ்வதைவிட, அந்த மூடிய ஏட்டை மீண்டும் திறந்து கொடுப்பதே அம்முன்னோர்க்கு நாம் செய்யும் மெய்யான நன்றி. இந்த வாரமே வீட்டுப் பெரியவரின் கையில் ஒரு ஏட்டைக் கொடுத்து, "எந்த வரிவரை தெரிகிறது?" என்று அன்போடு கேட்போமாக!