பிரமாதமும் பரிகாரமும்: சித்தூர், திருப்பதி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களின் வரலாறு

வடமொழியில் ‘பிரமாத’ என்னும் சொல்லுக்குக் கவனக்குறைவு என்று பொருள். தெலுங்கில் அதே சொல் விபத்தைக் குறிக்கிறது. தமிழிலோ பிழை, ஆபத்து என்னும் பழைய பொருள்கள் ஏறத்தாழ வழக்கொழிந்து, ‘மிகச் சிறப்பு’ என்னும் பொருளே நிலைத்துவிட்டது. ‘பரிகாரம்’ என்னும் சொல்லின் நிலையும் ஒப்புநோக்கத் தக்கது. தெலுங்கு அலுவல் வழக்கில் ‘நஷ்டபரிகாரம்’ என்பது இழப்பீடு. தமிழ்நாட்டிலிருந்து திருக்காளத்திக்குச் செல்பவர்களுக்குப் பரிகாரம் என்பது கிரக தோஷம் நீங்கச் செய்யும் வழிபாடு. சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் சாலை விபத்தில் ஒருவரை இழந்த தமிழ்க் குடும்பம் நீதிமன்றத்தில் முதலில் எதிர்கொள்ளும் சொற்கள் இவ்விரண்டும்.

இச்சொற்களின் பொருள் விலகலுக்கு ஒப்பான ஒரு விலகல் சட்டத்திலும் நிகழ்ந்தது. விபத்து வேறு, கவனக்குறைவு வேறு என்று ஏற்பதற்கு இந்தியச் சட்டத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. அதனுடன் மற்றொரு வினாவும் தொடர்ந்து வந்தது: இழப்புக்கு ஆளானவர் எந்த ஊரின் வாயிலில் மனுக் கொடுக்க வேண்டும்? மாநில எல்லைக்கோடும் யாத்திரைச் சாலையும் குறுக்கிடும் இந்த வட்டாரத்தில், இழப்பீட்டுத் தொகையின் வரலாற்றைப் போலவே மனு ஏற்கும் இடத்தின் வரலாறும் முதன்மையானது.

தீர்ப்பாயங்கள் தோன்றுமுன், விபத்தில் இறந்தவரின் குடும்பத்தார் 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டத்தின்கீழ் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. கோரும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். ஓட்டுநரின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டும். தீர்ப்புக் கிடைத்தாலும் பணம் கொடுக்க வாகன உரிமையாளரிடம் வசதி இருக்க வேண்டும். பிரிட்டனில் 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் தரப்பினருக்கான காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அதன் வழியில் இந்தியாவில் 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் காப்பீடு பற்றிய அதன் எட்டாம் அத்தியாயம் 1946 ஜூலை 1இல்தான் நடைமுறைக்கு வந்தது. திருமலைக்கு மோட்டார் வண்டி ஏறும் முதல் மலைப்பாதை 1944இல் திறக்கப்பட்டது. ஆகவே அப்பாதையின் முதல் இரண்டாண்டுகளில் மூன்றாம் தரப்பினருக்கான கட்டாயக் காப்பீடு என ஒன்று நடைமுறையில் இல்லை.

காப்பீடு கட்டாயமான பின்னரும் நீதிமன்றத் தாமதம் குறையவில்லை. 1956ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 110 முதல் 110-எஃப் வரையிலான பிரிவுகளைச் சேர்த்து, மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்னும் அமைப்பை உருவாக்கியது. அது 1957இல் செயலுக்கு வந்தது. தீர்ப்பாயம் அமைந்த எல்லைக்குள் உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் விலக்கப்பட்டது. மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்கு என வகுக்கப்பட்டது. நடைமுறையில் மாவட்ட நீதிபதியே தீர்ப்பாயத்தின் தலைவரானார். ஆகவே புதிய அமைப்புக்குப் பழைய நீதிமன்றத்தின் கட்டடமும் எழுத்தர்களும் சிரஸ்தாரும் பதிவேடுகளுமே அமைந்தன. சித்தூரில் மாவட்ட நீதிபதியும், திருப்பதியில் அமரும் கூடுதல் மாவட்ட நீதிபதிகளும் இவ்விரட்டைப் பொறுப்பை இன்றும் வகிக்கின்றனர்.

இங்கு எல்லைப் பிரச்சினையை நினைவுகூர வேண்டும். 1911 வரை சித்தூர் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். அவ்வாண்டில் தனி மாவட்டமானது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலத்துடன் சேர்ந்தது. அதுவரை அதன் மேல்முறையீடுகள் சுமார் 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்குச் சென்றன. 1954இல் குண்டூரில் ஆந்திர உயர் நீதிமன்றம் அமைந்தது. 1956இல் அது ஐதராபாத்துக்கு மாறியது. எனவே தீர்ப்பாயம் என்னும் அமைப்பு தோன்றியபோது, சித்தூர் மாவட்டத்தாரின் மேல்முறையீட்டு மன்றம் 500 கிலோமீட்டருக்கும் அப்பால் போய்விட்டிருந்தது. 2019 ஜனவரி 1 முதல் அது அமராவதியில் இயங்குகிறது.

ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், படாஸ்கர் அளித்த முடிவும் சேர்ந்து 1960 ஏப்ரல் 1இல் திருத்தணியைச் சென்னை மாநிலத்தில் சேர்த்தன. செங்கற்பட்டு மாவட்டத்தின் சில ஊர்கள் சித்தூருக்குச் சென்றன. மொழி, பண்பாடு, வருவாய் என்னும் நோக்கில் இம்மாற்றம் மிகுதியும் ஆராயப்பட்டிருக்கிறது. சாலையில் செல்பவருக்கு அது வேறொரு விளைவையும் தந்தது. சென்னையிலிருந்து திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர், ரேணிகுண்டா வழியாகத் திருப்பதி செல்லும் சாலை ஒன்றே. ஆனால் திருத்தணியில் நேரும் விபத்துக்கு ஒரு தீர்ப்பாயம், ஓர் உயர் நீதிமன்றம்; நகரியில் நேரும் விபத்துக்கு வேறொரு தீர்ப்பாயம், வேறோர் உயர் நீதிமன்றம். ஆந்திரத்தில் மனு ‘எம்.வி.ஓ.பி.’ என்றும் மேல்முறையீடு ‘எம்.ஏ.சி.எம்.ஏ.’ என்றும் எண்ணிடப்படுகின்றன. தமிழ்நாட்டில் அவை முறையே ‘எம்.சி.ஓ.பி.’, ‘சி.எம்.ஏ.’ எனப்படுகின்றன. ஒரே நாடாளுமன்றச் சட்டத்தின்கீழ் எழும் ஒரே வகைக் கோரிக்கை, எல்லையைத் தாண்டியதும் வேறு பெயரில் பதிவாகிறது.

விபத்து நடந்த இடத்தின் தீர்ப்பாயத்தில் மட்டுமே மனுக் கொடுக்கலாம் என்பது 1956ஆம் ஆண்டின் விதி. 1988ஆம் ஆண்டின் புதிய மோட்டார் வாகனச் சட்டமும் முதலில் அதையே பின்பற்றியது. உள்ளூர்ப் போக்குவரத்தை மனத்தில் கொண்டால் இவ்விதி இயல்பானதே: காவல் நிலையம், உடற்கூறு ஆய்வு செய்த மருத்துவமனை, நேரில் கண்ட சாட்சிகள் எல்லாம் அங்கேதான். யாத்திரைத் தலத்துக்கு அது பொருந்தவில்லை. திருப்பதிச் சாலையில் அடிபடுபவர் மதுரையிலிருந்தோ சேலத்திலிருந்தோ வந்தவராக இருக்கலாம். ஒரே வேனில் வந்த குடும்பத்தில் சம்பாதிப்பவர் இறக்க, எஞ்சியோர் காயத்துடன் ஊர் திரும்பியிருக்கலாம். அவர்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் சித்தூருக்கோ திருப்பதிக்கோ வர வேண்டியிருந்தது.

காலக்கெடுவும் அவர்களை நெருக்கியது. 1956ஆம் ஆண்டின் திருத்தத்தில் மனுக் கொடுக்க 60 நாள்களே தரப்பட்டன. 1969ஆம் ஆண்டின் திருத்தம் அதை 6 மாதமாக உயர்த்தியது. 1988ஆம் ஆண்டின் சட்டம் 6 மாதத்தையே வைத்து, தாமதத்தை மன்னிக்கும் அதிகாரத்துக்கு 12 மாதம் என்னும் உச்ச வரம்பு விதித்தது. 1994 நவம்பர் 14இல் செயலுக்கு வந்த திருத்தம் இரண்டு தடைகளையும் ஒருங்கே நீக்கியது. காலக்கெடு அறவே கைவிடப்பட்டது. மனுதாரர் வசிக்கும் இடத்தின் தீர்ப்பாயத்திலோ எதிர்மனுதாரர் வசிக்கும் இடத்தின் தீர்ப்பாயத்திலோ மனுக் கொடுக்கலாம் என்றும் ஆயிற்று. வேலூரிலோ மதுரையிலோ இருந்துகொண்டே நகரி விபத்துக்கு இழப்பீடு கோரலாம் என்னும் நிலை அன்றுதான் பிறந்தது. இந்த வட்டாரத்தைப் பொறுத்தவரை, தீர்ப்பாய வரலாற்றின் மிகப் பெரிய மாற்றம் இதுவே எனலாம்.

கவனக்குறைவை மெய்ப்பிக்கும் சுமை படிப்படியாகவே தளர்ந்தது. தவறு மெய்ப்பிக்கப்படாமல் இழப்பீடு இல்லை என்று 1977இல் மினு மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிபடக் கூறியது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கில், தாழத் தொங்கிய மின்கம்பி பேருந்தில் பட்டுப் பயணிகள் இறந்திருந்தனர். 1980இல் அவ்வழக்கை முடித்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், நுட்பக் காரணங்களைக் காட்டி ஓட்டுநரும் உரிமையாளரும் எளிதில் தப்பிவிடத் தீர்ப்பாயங்கள் இடம் தரலாகாது என்றார். 1982ஆம் ஆண்டின் திருத்தம், தவறு யாருடையது என்று கேளாமலே உயிரிழப்புக்கு 15,000 ரூபாயும் நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாயும் வழங்கச் செய்தது. இத்தொகைகள் 1988ஆம் ஆண்டின் சட்டத்தில் 25,000, 12,000 என்றும், 1994இல் 50,000, 25,000 என்றும் உயர்ந்தன. 2019ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி அவை 5 லட்சமும் 2.5 லட்சமும் ஆகும். ‘பிரமாத’ என்பதில் கவனக்குறைவும் விபத்தும் ஒன்றாய்க் கிடந்த நிலையிலிருந்து, சட்டம் குறைந்த அளவிலேனும் அவற்றைப் பிரித்துக்கொண்டது.

சட்டத்தின் இவ்வளர்ச்சி ஒரு குடும்பத்துக்குப் பயன்படுவதும் படாமற்போவதும் அலுவலகத்தின் அன்றாடப் பணியைப் பொறுத்தது. மனு வந்ததும் எழுத்தர் அதைச் சரிபார்க்கிறார்; குறை இருந்தால் திருப்புகிறார்; நிறைவானால் எண்ணிடுகிறார். உரிமையாளருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் சம்மன் செல்கிறது. முதல் தகவல் அறிக்கை, பிரேத விசாரணை அறிக்கை, உடற்கூறு ஆய்வுச் சான்று, மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, குற்றப்பத்திரிகை ஆகியவை மனுதாரரின் ஆவணங்களாகக் குறியிடப்படுகின்றன. காப்பீட்டுப் பத்திரம் பெரும்பாலும் எதிர்த்தரப்பின் ஆவணமாக வருகிறது. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தனி நிதி வைத்துக்கொண்டு காப்பீட்டிலிருந்து விலக்குப் பெறச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே அத்தகைய பேருந்து வழக்குகளில் கழகமே நேரடியாகப் பொறுப்பேற்க வேண்டும். பணம் கட்டத் தவறும்போது பேருந்தையே ஜப்தி செய்யும் காட்சி தமிழ்நாட்டு நாளிதழ் வாசகர்களுக்குப் பழக்கமானது.

தொகை கணக்கிடும் முறையை 2009ஆம் ஆண்டின் சர்லா வர்மா தீர்ப்பும் 2017ஆம் ஆண்டின் பிரணய் சேத்தி தீர்ப்பும் வரையறுத்தன. ஓர் எடுத்துக்காட்டு: 42 வயதான சுயதொழிலாளர், மாத வருமானம் 12,000 ரூபாய், சார்ந்திருப்போர் நால்வர். வருங்கால உயர்வுக்காக 25 விழுக்காடு கூட்டினால் 15,000. சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கு கழித்தால் 11,250; ஆண்டுக்கு 1,35,000. அவ்வயதுக்குரிய பெருக்கெண் 14. சார்பிழப்பு 18,90,000 ரூபாய். இதனுடன் ஈமச் செலவு முதலிய தலைப்புகளின் தொகைகள் சேரும். கணக்கு எளியது. ஆனால் வயது, வருமானம், வாரிசு ஆகிய மூன்றையும் காட்டும் சான்றுகள் ஒரு மாநிலத்தில் பிறக்கின்றன. விபத்தைக் காட்டும் ஆவணங்கள் மற்றொரு மாநிலத்தில் பிறக்கின்றன.

மொழியின் சுமை இங்கேதான் வெளிப்படுகிறது. முதல் தகவல் அறிக்கை தெலுங்கில் இருக்கும். வாரிசுச் சான்று தமிழில் இருக்கும். தீர்ப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமையும். அரசமைப்பின் 348ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்ற நடவடிக்கையும் ஆங்கிலத்தில்தான். சாட்சியின் முதல் விசாரணை இப்போது பிரமாணப் பத்திரமாகத் தாக்கலாகிறது. தமிழில் சொல்லப்பட்டதை வழக்கறிஞர் ஆங்கிலத்தில் எழுத, சாட்சி தமிழில் கையொப்பமிடுகிறார். குறுக்கு விசாரணையில் ‘வண்டி எப்படி வந்தது’ என்பதற்குச் சொல்லும் ஒரு வினைச்சொல் கவனக்குறைவின் அளவையே மாற்றக்கூடும். அச்சொல் எந்த மொழியில் பிறந்து எந்த மொழியில் பதிவாயிற்று என்பது கட்டில் தங்குவதில்லை.

தீர்ப்புக்குப் பின் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பணம் செலுத்த வேண்டியவர் மேல்முறையிட்டால், 25,000 ரூபாய் அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, இவற்றுள் குறைந்ததை முதலில் கட்ட வேண்டும். செலுத்தப்படாத தொகையை நிலவரி நிலுவை போல ஆட்சியர் வசூலிக்கலாம். சிறார்க்குரிய பங்கை வங்கியில் நிரந்தர வைப்பாக வைக்க வேண்டும் என்னும் நெறியைச் சுசம்மா தாமஸ் வழக்கு வலியுறுத்தியது. எனவே ஒரு கட்டு தீர்ப்போடு மூடப்படுவதில்லை. கடைசிக் குழந்தைக்கு 18 வயது நிரம்பும் வரை அலுவலகத்தில் அது உயிரோடிருக்கும்.

2022 ஏப்ரல் 1 முதல் நிலைமை மீண்டும் மாறியிருக்கிறது. 2019ஆம் ஆண்டின் திருத்தம் 6 மாதக் காலக்கெடுவை மறுபடியும் கொண்டுவந்தது. அதன் செல்லுபடி உச்ச நீதிமன்றத்தில் வினாவுக்கு உள்ளாகியுள்ளது. புதிய விதிகளின்படி காவல்துறை 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். மனுதாரர் அலையாமலே வழக்குத் தொடங்கலாம் என்பது இதன் நன்மை. ஆனால் அறிக்கை எழுதுவது விபத்து நடந்த ஊரின் காவல் நிலையம். எழுதும் மொழியும் அவ்வூர் மொழி. 1994இல் மனுதாரரின் ஊரை நோக்கி நகர்ந்த ஈர்ப்புமையம், விபத்து நடந்த ஊரை நோக்கி மீண்டும் சாய்கிறது.

2022 ஏப்ரல் 4இல் திருப்பதி தனி மாவட்டமானது. எல்லைகள் வரையப்படும்போது மொழியும் வருவாயும் பேசப்படுகின்றன. விபத்தில் தந்தையை இழந்த குழந்தையின் கட்டு எந்த அலமாரிக்குப் போகும் என்பது பேசப்படுவதில்லை. சித்தூர், திருப்பதி, திருத்தணி, வேலூர் ஆகிய ஊர்களின் தீர்ப்பாயப் பதிவேடுகளை 1957 முதல் ஒருசேர வைத்துப் படித்தால், எல்லையின் மெய்யான விலையை எளிய மனிதர்களின் கணக்கில் காண இயலும். சட்ட வரலாற்றாளரும் சமூக மொழியியலாளரும் கூடிச் செய்ய வேண்டிய பணி அது.