மரிச்ஜாபி: எண்ணப்படாதவர்களின் தீவு



நினைவுச் சொற்பொழிவுகளில் நாம் பெரும்பாலும் தலைவர்களை நினைவுகூர்கிறோம். இன்று ஓர் ஊரை நினைவுகூர விரும்புகிறோம். மேற்கு வங்கத்தின் சுந்தரவனத்தில், அலையாத்திக் காடுகளுக்கும் உப்பாறுகளுக்கும் நடுவே மரிச்ஜாபி என்றொரு தீவு இருக்கிறது. 1978இல் ஏறத்தாழ 30,000 பேர் அங்கே குடியேறினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். 1979 மே மாதம் முடியும்போது அந்த ஊர் இல்லை.

எட்டாத தீவில் வாழும் மக்களுக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்டால் புயல், வெள்ளம், உப்பு, புலி என்று இயற்கையைக் காட்டுவது வழக்கம். மரிச்ஜாபியின் மக்கள் இவை அனைத்தையும் அறிந்தே அங்கு சென்றார்கள். அவர்களை வீழ்த்தியது அரசு.

அவர்கள் யார்?

கிழக்கு வங்கத்தின் ஃபரித்பூர், பாரிசால், குல்னா, ஜெசூர் மாவட்டங்களின் நீர்நிலங்களில் உழவும் மீன்பிடிப்பும் படகோட்டலுமாக வாழ்ந்தவர்கள் நாமசூத்திரர்கள். சாதி இந்துக்கள் அவர்களைச் சண்டாளர் என்றே அழைத்தார்கள். 1872-73இல் அவர்கள் உயர்சாதியினரின் வயல்களில் வேலை செய்ய மறுத்துப் பெரும் புறக்கணிப்பை நடத்தினார்கள். ஹரிசந்த் தாக்கூரும் அவர் மகன் குருசந்த் தாக்கூரும் வளர்த்த மாத்துவா இயக்கம் அவர்களுக்குச் சுயமரியாதையையும் கல்வியையும் முதன்மையாக்கியது. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இழிபெயர் நீங்கி நாமசூத்திரர் என்ற பெயர் பதிவானது.

இந்த மக்களுக்கு நாமும் கடன்பட்டிருக்கிறோம். 1946இல் அண்ணல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபைக்குள் நுழைந்தது வங்கத்திலிருந்துதான். அதற்காக உழைத்தவர் ஜோகேந்திரநாத் மண்டல். பிரிவினைக்குப் பிறகு மண்டல் பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சரானார். 1950இல் தம் மக்கள் மீதான வன்முறையைக் கண்டு பதவி விலகி இந்தியா வந்தார். அவரைப் பின்பற்றிக் கிழக்கே தங்கிய நாமசூத்திரர்களும் அலையலையாக எல்லை தாண்டினார்கள்.

தண்டகாரண்யம்

முன்னதாக வந்த உயர்சாதி அகதிகளுக்குக் கல்கத்தாவில் உறவும் படிப்பும் செல்வாக்கும் இருந்தன. காலி நிலங்களில் அவர்கள் அமைத்த குடியிருப்புகள் காலப்போக்கில் சட்ட ஏற்புப் பெற்றன. பின்னால் வந்த தலித் அகதிகளுக்குக் கிடைத்தவை முகாம்கள். 1958இல் தொடங்கிய தண்டகாரண்யத் திட்டத்தின்கீழ் ஒடிசாவின் மல்கான்கிரி, மத்தியப் பிரதேசத்தின் பஸ்தர் முதலிய இடங்களுக்கு அவர்கள் அனுப்பப்பட்டார்கள். தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கல்லும் முரம்புமான மேட்டு நிலம் தரப்பட்டது. அது பழங்குடி மக்களின் மண்; அகதிகளைக் கொண்டுவந்து நிறுத்தும்போது அவர்களையும் யாரும் கேட்கவில்லை. ஒடுக்கப்பட்ட இரு மக்களை ஒருவர் நிலத்தில் மற்றவரை வைத்து மோதவிட்ட ஏற்பாடு இது.

மேற்கு வங்கத்திலேயே இவர்களுக்கு இடம் தர முடியும் என்று அப்போது எதிர்க்கட்சியாக இருந்த இடதுசாரிகள் வாதாடினார்கள். 1977இல் ஜோதிபாசு தலைமையில் இடது முன்னணி ஆட்சிக்கு வந்தது. அந்தச் சொல்லை நம்பிய குடும்பங்கள் 1978 தொடக்கத்தில் இருந்ததை விற்றுவிட்டு வங்கம் நோக்கிக் கிளம்பின. பலரைக் காவல்துறை வழியிலேயே மடக்கித் திருப்பி அனுப்பியது. தப்பியவர்கள் மரிச்ஜாபியை அடைந்தார்கள்.

தீவில் எழுந்த ஊர்

அரசுப் பணம் ஒரு ரூபாய்கூட இல்லாமல் அவர்கள் அந்த ஊரைக் கட்டினார்கள். உப்புநீர் புகாமல் கரை எழுப்பினார்கள். குழாய்க் கிணறு இறக்கினார்கள். மீன் வளர்ப்பு, படகு கட்டுதல், பீடி சுற்றுதல், ரொட்டி அடுமனை என்று தொழில்கள் தொடங்கின. பள்ளிக்கூடமும் மருத்துவ நிலையமும் கடைவீதியும் வந்தன. குடியிருப்புக்கு நேதாஜி நகர் என்று பெயரிட்டார்கள். எதிரே குமிர்மாரித் தீவின் ஏழை மக்களோடு கொள்வினை கொடுப்பினை உண்டாயிற்று. ஓராண்டுக்குள் நடந்தவை இவை. அந்தத் தீவில் வாழ முடியுமா என்ற கேள்விக்கு அவர்களே விடை எழுதிவிட்டார்கள்.

அரசு சொன்ன காரணம், அது காப்புக்காடு என்பது. ஆனால் 1975இலேயே அத்தீவின் இயற்கைக் காட்டை அழித்து அரசே தென்னையும் சவுக்கும் நட்டிருந்தது. வருவாய்க்காக அரசு காட்டை அழித்தால் அது திட்டம். தலித் கால் வைத்தால் அது ஆக்கிரமிப்பு.

முற்றுகை

1979 ஜனவரி 24 அன்று 144 தடையாணையோடு முற்றுகை தொடங்கியது. காவல்துறையின் விசைப்படகுகள் தீவைச் சூழ்ந்தன. அரிசிக்கும் மருந்துக்கும் அக்கரை போன படகுகள் மூழ்கடிக்கப்பட்டன. புல்லையும் இலையையும் தின்றோம், குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்தார்கள் என்று பிழைத்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். ஜனவரி 31 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. உணவையும் குடிநீரையும் மருத்துவரையும் தடுக்கக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் கூறியும் நெருக்குதல் ஓயவில்லை. மே மாதம் பத்திரிகையாளர்கள் நுழையத் தடை வந்தது. மே 14 முதல் 16 வரை குடிசைகள் கொளுத்தப்பட்டன. மக்கள் படகுகளில் ஏற்றப்பட்டு மீண்டும் தண்டகாரண்யத்துக்கு அனுப்பப்பட்டார்கள். தப்பியவர்கள் கல்கத்தாவைச் சுற்றிய ரயில் பாதை ஓரங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் ஒதுங்கினார்கள்.

எத்தனை பேர் இறந்தார்கள்? அரசுக் கணக்கில் இரண்டு பேர். ஆய்வாளர் ராஸ் மல்லிக் 1999இல் வெளியிட்ட கட்டுரையில் வேறொரு கணக்கு இருக்கிறது: தண்டகாரண்யத்திலிருந்து கிளம்பியவை 14,388 குடும்பங்கள், திரும்பியவை 10,260. மீதி 4,128 குடும்பங்கள். இவர்கள் அனைவரும் கொல்லப்பட்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. வழியில் மாண்டவர்களும், பட்டினியிலும் நோயிலும் போனவர்களும், வேறெங்கோ கலந்தவர்களும் அதில் இருக்கலாம். 4,128 குடும்பங்கள் என்னவாயின என்று தேடும் கடமை தமக்கு உண்டு என்று எந்த அரசும் நினைக்கவில்லை என்பதையே சொல்கிறோம். இதற்காக யாரும் தண்டிக்கப்படவும் இல்லை.

இன்றைய சுந்தரவனம்

மரிச்ஜாபி இன்று மனிதர் இல்லாத காடு. சுற்றியுள்ள தீவுகளில் மக்கள் வாழ்கிறார்கள். மானுடவியலாளர் அன்னு ஜலைஸ் அவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்த ஒரு நம்பிக்கை நாம் அறிய வேண்டியது: மனிதர்களைவிடத் தாமே முக்கியமானவர்கள் என்பதை மரிச்ஜாபிக்குப் பிறகு புலிகளும் தெரிந்துகொண்டன, அதன்பிறகே அவை துணிந்து மனிதரை அடிக்கத் தொடங்கின என்கிறார்கள் தீவு மக்கள். தேனுக்கும் நண்டுக்கும் காட்டுக்குள் போய்ப் புலிக்கு இரையானவரின் மனைவிக்கு, உரிய அனுமதிச் சீட்டு இல்லை என்று இழப்பீடு மறுக்கப்படுகிறது. நீதிமன்றம் ஏறி அதைப் பெற்ற பெண்களும் இருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைத் தங்களுக்கும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று மீனவர்கள் கேட்கிறார்கள்.

2009 மே 25 அன்று அய்லா புயலில் மண்கரைகள் உடைந்தன. வயல்களில் உப்புநீர் நின்றது. ஆண்டுக்கணக்கில் நெல் விளையவில்லை. 2020இல் அம்பன் மீண்டும் அடித்தது. இளைஞர்கள் கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் கட்டட வேலைக்கு வருகிறார்கள். 2023 ஜூன் 2 அன்று பாலாசோர் அருகே விபத்துக்குள்ளான கோரமண்டல் விரைவு ரயில் சென்னைக்கு வந்துகொண்டிருந்தது. இறந்தவர்களில் சுந்தரவனத்தின் கூலித் தொழிலாளர்கள் பலர். அந்தத் தீவுகளின் துயரம் நம் ஊர்ச் சாரத்திலும் செங்கல் சூளையிலும் வந்து நிற்கிறது.

பஞ்சமி நிலத்துக்காகப் போராடும் நமக்கு மரிச்ஜாபி அயலூர்க் கதை அல்ல. தலித்துகள் நிலத்தைக் கேட்டுப் பெறக் காத்திருக்கும்வரை அவர்கள் பயனாளிகள். தாமே நிலத்தைத் திருத்தி ஊர் அமைத்தால் குற்றவாளிகள். எந்தக் கொடி ஆட்சியில் இருந்தாலும் இந்த விதி மாறியதில்லை என்பதே மரிச்ஜாபி தரும் பாடம். ஆகவே ஆட்சிகள் தரும் வாக்குறுதியை அல்ல, நம் அமைப்பின் வலிமையையே நாம் நம்ப வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அங்கே குழந்தையாக இருந்து பிழைத்தவர்களுக்கு இன்று நாற்பத்தைந்து வயதுக்கு மேல். சாட்சிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வங்காளம் கற்றுக்கொண்டு அங்கே போகக் கூடியவர்கள் போங்கள். போக முடியாதவர்கள் உங்கள் ஊரில் கட்டடம் கட்டும் சுந்தரவனத் தொழிலாளியிடம் பேசுங்கள். அவர் கூலியும் பாதுகாப்பும் நம் போராட்டத்தின் பகுதியாகட்டும். அரசு எண்ண மறுத்தவர்களைப் பெயர் பெயராக எழுதி வைக்கும் வேலை நமக்குரியது.

ஜெய் பீம்.