சிவப்பு அட்டையும் பால்மரத் தோட்டமும்

தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885இல் திறக்கப்பட்ட காலத்தில், அருகிலிருந்த கிரியான் வட்டாரக் கரும்புத் தோட்டங்களில் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக, அதாவது பயணச் செலவைக் கடனாகச் சுமந்து, அது தீரும்வரை தோட்டத்தைவிட்டு நீங்க முடியாதவர்களாக உழைத்தனர். ரப்பர் பரவியபின் ஆளெடுப்பு கங்காணியிடம், அதாவது சொந்த ஊரில் உறவினரைத் திரட்டிவரத் தோட்டம் அனுப்பிய மேற்பார்வையாளரிடம் சென்றது. 1907இல் உருவான குடியேற்ற நிதி, முதலாளிகளிடம் வரி திரட்டிக் கப்பல் கட்டணத்தை ஏற்றது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்ததும், வேலையற்ற பல்லாயிரவர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசே உதவிபெற்ற கூலிக் குடியேற்றத்தைத் தடைசெய்தது.

எனினும் மிகக் கொடிய அடி சுதந்திர மலேசியாவில்தான் விழுந்தது. குடியுரிமை பெறாமல் சிவப்பு அடையாள அட்டையோடு, அதாவது நிரந்தரவாசிகளாக மட்டும் இருந்து பால்மரம் எனப்படும் ரப்பர் மரத்தைச் சீவியவர்கள், 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வேலை பெர்மிட் பெற வேண்டியவர்களாயினர்; எழுத்தறிவும் ஆவணமும் வாய்க்காத லயத்து, அதாவது தோட்ட வரிசை வீடுகளில் வாழ்ந்த, மக்களுக்கு மனு போடுவதே பெருஞ்சுமை. 1969ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ 60,000 பேர் இந்தியா திரும்பினர் என்பது பரவலாகக் குறிப்பிடப்படும் கணக்கு. பாடுபட்டு வளர்த்த மண்ணிலேயே அவர்கள் அந்நியராக்கப்பட்டது அநீதியே. செம்பனை எண்ணெய்த் தோட்டங்கள் பெருகி ஆள் பற்றாக்குறை முற்றியபோது, தோட்டத் தொழிலாளரைத் தருவிக்க 1984இல் இந்தோனேசியாவுடன் மேடான் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் 1990களின் தொடக்கத்திலேயே அனுமதியற்ற வெளிநாட்டுத் தொழிலாளரைத் தேடிப் பிடிக்கும் சோதனைகள் தொடங்கின.