நெட் பிளான் 300 எம்பிபிஎஸ்.. வேகம் 95-ஐ தாண்டலையா? லேன் கேபிளை இப்படி செக் பண்ணி பாருங்க!

300 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டியும் ஸ்பீடு டெஸ்டில் 94, 95-க்கு மேல் போகவே மாட்டேங்குதா? கஸ்டமர் கேருக்கு போன் போடுவதற்கும், புது ரூட்டர் வாங்குவதற்கும் முன்னால் லேன் கேபிளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதில் ஒரே ஒரு கம்பி சரியாக உட்காரவில்லை என்றாலும் இப்படி ஆகலாம்.

ஏன் 95-லேயே நிற்குது?

லேன் கேபிளுக்குள் 8 கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு 4 ஜோடிகளாக இருக்கும். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகளே போதும். 1000 எம்பிபிஎஸ், அதாவது ஜிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். மீதி நான்கில் ஒன்று அறுந்தாலும் பெரும்பாலும் நெட் கட் ஆகாது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். அதனால்தான் பலருக்கும் கேபிள் மேல் சந்தேகமே வருவதில்லை.

டெஸ்டர் இல்லாமல் பார்ப்பது எப்படி?

விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று போனால் 'லிங்க் ஸ்பீடு' தெரியும். அங்கே 100/100 என்று இருந்தால், நல்ல கேபிள் ஒன்றை மாற்றிப் போட்டுப் பாருங்கள். 1000 என்று மாறினால் பழைய கேபிள்தான் பிரச்சனை. மாறவில்லை என்றால் ரூட்டர் அல்லது கம்ப்யூட்டரின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் தானா என்று பாருங்கள். ஸ்மார்ட் டிவிகள் பலவற்றில் 100 எம்பிபிஎஸ் போர்ட்தான் இருக்கும்.

லேன் டெஸ்டர் என்ன சொல்லும்?

முதலில் கேபிளின் இரண்டு முனைகளையும் ரூட்டர், கேமரா எல்லாவற்றில் இருந்தும் கழற்றிவிட வேண்டும். கேபிளில் கரண்ட் போய்க்கொண்டிருந்தால் டெஸ்டர் கெட்டுப்போகலாம். ஒரு முனையை மெயின் யூனிட்டிலும், மறுமுனையை ரிமோட்டிலும் செருகினால் விளக்குகள் 1 முதல் 8 வரை வரிசையாக எரியும்.

* ஒரு எண் ரிமோட்டில் எரியவில்லை: கம்பி அறுந்திருக்கிறது அல்லது ஜாக்கில் சரியாகக் கடிபடவில்லை.
* எண்கள் மாறி மாறி எரிகின்றன: கலர் வரிசை மாறியிருக்கிறது.
* இரண்டு எண்கள் சேர்ந்து மின்னுகின்றன அல்லது இரண்டுமே எரியவில்லை: கம்பிகள் ஒன்றையொன்று தொடும் ஷார்ட் ஆக இருக்கலாம்.

எட்டும் எரிஞ்சா கேபிள் ஓகேவா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடி என்று இரண்டு முனையிலும் வரிசையாக அடுக்கி ஜாக் அடித்தால் எட்டு விளக்கும் அழகாக எரியும். ஆனால் கேபிள் தப்பு! 3-ம் 6-ம் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். இந்த வரிசையில் 3-க்கு வெள்ளை-பச்சையும், 6-க்கு நீலமும் போய்விடும். இரைச்சலைத் தடுப்பதே அந்த முறுக்குதான். ஜோடி பிரிந்தால் வேகம் குறையும், நெட் விட்டுவிட்டு வரும். இதற்கு 'ஸ்பிளிட் பேர்' என்று பெயர். சாதாரண விளக்கு டெஸ்டர் இதைக் கண்டுபிடிக்காது. ஜாக்கைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

சரியான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இதுதான் டி568பி முறை. ஜாக் அடிக்கும்போது முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது.

புது வீடு கட்டுறவங்க கவனத்துக்கு

செம்பு பூசிய அலுமினியக் கேபிள்களும் கடைகளில் கிடைக்கின்றன. கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளியாகத் தெரியும். விலை குறைவுதான், ஆனால் சீக்கிரம் உடையும். முழுச் செம்புக் கேபிளையே கேட்டு வாங்குங்கள். பைப்புக்குள் வயரை இழுத்த கையோடு, பெயின்ட் அடிக்கும் முன்பே ஒவ்வொரு பாயின்ட்டையும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே குடியிருக்கும் வீடா? சுவரை உடைக்க அவசரப்பட வேண்டாம். கோளாறு பெரும்பாலும் முனைகளில்தான் இருக்கும். இரண்டு பக்கமும் ஜாக்கை வெட்டி, புதிதாக அடித்து மறுபடி டெஸ்ட் பண்ணுங்கள். அதற்குப் பிறகும் அதே எண் எரியவில்லை என்றால் மட்டும் கேபிளை மாற்றினால் போதும்.