பார்க்க முடியாத முதல் படம்

நடிகர் சிவாஜி கணேசன் 1928ஆம் ஆண்டு விழுப்புரத்தில் பிறந்தார். அவருடைய முதல் படமான ‘பராசக்தி’யை (1952) நாம் இன்றும் பார்க்கலாம். ஆனால், அவர் மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது வெளிவந்த ‘காளிதாஸ்’ படத்தைப் பார்க்க இயலாது. எச். எம். ரெட்டி இயக்கி, டி. பி. ராஜலட்சுமி நடித்து, 1931 அக்டோபர் 31இல் வெளியான அதுவே தமிழ் பேசிய முதல் படம். இன்று அதன் ஒரு பிரதிகூட இல்லை. பழைய செய்திகளும் விளம்பரங்களுமே எஞ்சியுள்ளன. ஏன் இந்த நிலை?

அக்காலப் படச்சுருள் செல்லுலோஸ் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது. இது வெடிபஞ்சின் நெருங்கிய உறவு. இதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால், தீப்பற்றிய சுருளை நீரில் அமிழ்த்தினாலும் அணையாது.

தீயிலிருந்து தப்பினாலும் கேடு உண்டு. சுருள் தானே மெல்லச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை வெளியிடுகிறது. அவை ஈரத்துடன் கூடி அமிலமாகின்றன. அந்த அமிலம் சிதைவை மேலும் விரைவாக்குகிறது. படம் மங்கும், சுருள் பிசுபிசுக்கும், இறுதியில் பழுப்புத் தூளாகும். நம் நாட்டு வெப்பமும் ஈரமும் இதற்குத் துணை. போதாக்குறைக்கு, ஓடி முடிந்த சுருள்களிலிருந்து வெள்ளியைப் பிரித்து விற்றவர்களும் உண்டு.

1950களில் எளிதில் தீப்பற்றாத அசெட்டேட் சுருள் பரவியது. அதுவும் காலப்போக்கில் புளிக்காடி நெடியுடன் சிதையக் கூடியதே. ஆகவே, குளிர்ந்த, உலர்ந்த அறையில் வைப்பதும், காலத்தில் புதுப்பிரதி எடுப்பதுமே படங்களைக் காக்கும் வழி. இப்பணிக்கெனத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் 1964இல் தோன்றியது. அதற்குள் ‘காளிதாஸ்’ வெளிவந்து முப்பத்து மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.