இரண்டு பள்ளிகளும் ஐம்பத்து நான்கு பள்ளிகளும்

பள்ளிப் பிள்ளைகளின் உடல் பருமனைத் தடுக்கும் முயற்சிகள் பலன் தருகின்றனவா என்று சோதித்த இரண்டு ஆய்வுகளைத் தஞ்சைக் கண்ணோடு பார்க்கலாம்.

ஒன்று, வட இந்தியாவில் நடந்து 2010இல் வெளியானது. ஏறத்தாழ ஒரே வசதியுள்ள இரண்டு பள்ளிகளை எடுத்து, ஒன்றின் பதினோராம் வகுப்புக்கு மட்டும் உணவு, உடற்பயிற்சி குறித்துக் கற்பித்தார்கள். ஆறு மாதத்தில் அங்கே குளிர்பானம் குடிப்போர் குறைந்தார்கள். இடுப்புச் சுற்றளவிலும் முன்னேற்றம் தெரிந்தது. மற்றது இங்கிலாந்தின் வேவ்ஸ் ஆய்வு, 2018இல் வெளியானது. 54 தொடக்கப்பள்ளிகளைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஓராண்டு தினமும் 30 நிமிடம் கூடுதல் உடற்பயிற்சி, குடும்பங்களுக்குச் சமையல் பயிற்சி, ஆஸ்டன் வில்லா கால்பந்துக் கழகத்தின் துணை. 30 மாதம் வரை அளந்தும் பி.எம்.ஐ.யில் (உயரத்துக்கேற்ற எடைக் குறியீட்டில்) சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

முன்னது வெற்றி, பின்னது தோல்வி என்று நான் படிக்க மாட்டேன். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் புது ரகத்தை ஒரே பாத்தியில் விதைத்து முடிவு சொல்வதில்லை. இடம் மாற்றிப் பல பாத்திகளில் போட்டுப் பார்க்கிறார்கள். ஒரு பாத்தி மட்டும் என்றால் விளைந்தது விதையாலா மண்ணாலா என்று பிரிக்க முடியாது. பள்ளியும் அப்படித்தான். வாசல் பெட்டிக்கடை, விளையாட்டு மைதானம், தலைமையாசிரியரின் அக்கறை எல்லாம் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரையும் சேர்த்தே தொடுகின்றன. எத்தனை நூறு பிள்ளைகளை அளந்தாலும், தரப்புக்கு ஒரு பள்ளிதான் என்றால் சான்று மெலிந்ததே. போதாக்குறைக்கு, குளிர்பானக் கணக்கு பிள்ளைகளே சொன்னது. பாடம் எடுத்தவர்கள் எதிர்பார்க்கும் பதில் எது என்று பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தெரியும்.

எண்ணிக்கையில் வேவ்ஸ் வழியே நமக்கு ஏற்றது. ஆனால் சராசரி பி.எம்.ஐ. என்ற அதன் அளவுகோலை அப்படியே காவிரி டெல்டாவுக்குக் கொண்டுவரக் கூடாது. கும்பகோணத்தின் ஒரு வகுப்பறையில் பருத்த பிள்ளைக்குப் பக்கத்திலேயே எடை குறைந்த பிள்ளை உட்கார்ந்திருக்கும். அங்கே சராசரி பி.எம்.ஐ. கூடினால் மெலிந்தவர்கள் தேறினார்களா, பருத்தவர்கள் இன்னும் பருத்தார்களா? சராசரி அதைச் சொல்லாது. எனவே இரு முனைகளையும் தனித்தனியே எண்ண வேண்டும். மெலிந்த பிள்ளையின் தட்டில் சோறு குறைந்தால் அந்தத் திட்டம் தீங்கு செய்தது என்றே எழுத வேண்டும். புனே ஆய்வுகள் காட்டியபடி, நம் குழந்தைகள் எடை குறைவாகப் பிறக்கும்போதும் கொழுப்பு விகிதம் கூடுதலாக இருக்கக்கூடும். அதனால் எடையோடு இடுப்பையும் தோல்மடிப்பையும் அளப்பது அவசியம்.

பருவமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானத்தில் தண்ணீர் நிற்கும், ஓட்டம் நின்றுவிடும். இரு தரப்புப் பள்ளிகளையும் ஒரே வாரங்களில் அளக்காவிட்டால் மழையின் விளைவு திட்டத்தின் கணக்கில் ஏறிவிடும்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் 1,545 பள்ளிகளோடு தொடங்கியது. அதன் விரிவாக்கம் 2023 ஆகஸ்ட் 25 அன்று இதே டெல்டாவின் திருக்குவளையில் தொடங்கிவைக்கப்பட்டது. பருமன் தடுப்புத் திட்டமும் இப்படிப் படிப்படியாக வருமானால், எந்த ஒன்றியம் முதலில் என்பதைக் குலுக்கிப் போடலாம். காத்திருக்கும் பள்ளிகளே ஒப்பீட்டுக்கு ஆகும். எவருக்கும் திட்டம் மறுக்கப்படாது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு வேறு பள்ளிக்குப் போய்விடுவதால், மூன்றாம் வகுப்புக்குள் சேர்த்துக்கொண்டால்தான் இரண்டாண்டுக்குப் பிறகும் அளக்கப் பிள்ளைகள் இருப்பார்கள்.