பெர்லினுக்கு நான்கு நாள்

பெர்லினுக்கு நான்கு நாள் போய்வரலாம் என்று ஒருவர் முடிவெடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். சென்னையில் வேலை, முப்பது வயது, கொஞ்சம் சேமிப்பு, கைவசம் பத்து நாள் லீவு. எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது என்றுதானே அவர் முதலில் யோசிக்க வேண்டும்? நம்மூரில் அப்படி நடப்பதில்லை. ஐரோப்பியப் பயணம் நமக்கு ஒரு எக்செல் ஷீட்டில் தொடங்குகிறது.

பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்ட பாஸ்போர்ட். திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் அதற்கு உயிர் இருக்க வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும். 35க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம். வங்கிக் கணக்கு விவரம். சம்பளச் சீட்டு. லீவு கொடுத்திருக்கிறோம் என்று ஆபீஸ் தரும் கடிதம். போகவர டிக்கெட் முன்பதிவு. ஒவ்வொரு இரவுக்கும் தங்குமிடம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. கைரேகை. 90 யூரோ கட்டணம், விசா கிடைக்காவிட்டாலும் திரும்பி வராது. இவ்வளவையும் கொடுத்துவிட்டுப் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும். சில சமயம் அதற்கும் மேலே.

மென்பொருள் வேலையில் ‘கிட் பிளேம்’ என்று ஒரு கட்டளை உண்டு. பழைய நிரலைத் திறந்து அதை ஓட்டினால், ஒவ்வொரு வரியையும் யார், என்றைக்கு எழுதினார்கள் என்று பக்கத்திலேயே காட்டும். எதற்காக இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத ஒரு வரிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பழைய விபத்து இருக்கும். விசாவுக்கான இந்தப் பட்டியலையும் அப்படி ஓட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு தேதி இருக்கிறது. சில வரிகளுக்குப் பக்கத்தில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஊர்ப் பெயர்கள் வருகின்றன.

முதலில் பாஸ்போர்ட். 1914-க்கு முன் ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்குள் நுழைய அது தேவைப்படவில்லை. ரஷ்யாவும் துருக்கியும் கேட்டன. மற்ற இடங்களில் கையில் காசு இருந்தால் ரயில் ஏறிவிடலாம். முதல் உலகப் போர் வந்தது, ஒற்றர் பயம் வந்தது, எல்லைகளில் காகிதம் கேட்க ஆரம்பித்தார்கள். போர் முடிந்த பிறகும் கேட்பதை நிறுத்தவில்லை. 1920 அக்டோபரில் பன்னாட்டுச் சங்கம் பாரிஸில் ஒரு மாநாடு கூட்டி, பாஸ்போர்ட் 32 பக்கப் புத்தகமாக இருக்கட்டும் என்று ஒரு மாதிரியைப் பரிந்துரைத்தது. தற்காலிக ஏற்பாடு என்றுதான் பலரும் நினைத்தார்கள். நூறு வருடத்தைத் தாண்டிவிட்டது. தற்காலிகம் என்று எழுதிய நிரல்தான் நிரந்தரமாக ஓடும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

சுதந்திர இந்தியாவிலும் பாஸ்போர்ட் உரிமையாக இருக்கவில்லை. கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம்; அதற்கென்று ஒரு சட்டம்கூட இல்லை. வாகன உதிரிபாக வியாபாரியான சத்வந்த் சிங் சாஹ்னியிடம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். வெளிநாடு செல்வது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்லும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்று 1967 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மூன்றுக்கு இரண்டு. இன்னொரு நீதிபதி மாற்றி யோசித்திருந்தால் கதை வேறு. அதே வருடம்தான் பாஸ்போர்ட் சட்டம் வந்தது.

அடுத்த வரி, பணம். எழுபதுகளில் வெளிநாடு போன நம்மாட்கள் எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள்: பையில் எட்டு டாலர். அந்நியச் செலாவணி தட்டுப்பாட்டில் அரசு அனுமதித்தது அவ்வளவுதான். மிச்சத்துக்கு அங்கே ஒரு சொந்தக்காரரோ நண்பரோ வேண்டும். 2004-ல்தான் ரிசர்வ் வங்கி, தனிநபர் வருடத்துக்கு 25,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம் என்றது. இன்று அந்த வரம்பு 2,50,000 டாலர். பணத்தைக் கொண்டுபோகாதே என்று நம் அரசு பல வருடம் தடுத்தது. பணம் இருப்பதைக் காட்டு என்று இப்போது அவர்கள் கேட்கிறார்கள். இரண்டு காலத்திலும் வரிசையில் நிற்பவர் ஒரே ஆள்தான்.

இனி விசா. இது எப்போதும் இருந்தது என்று நாம் நினைக்கிறோம். இல்லை. 1986 வரை இந்தியர் ஒருவர் விசா இல்லாமலே லண்டனுக்கு விமானம் ஏறலாம். ஹீத்ரோவில் குடியேற்ற அதிகாரி கேள்வி கேட்பார், சிலரைத் திருப்பியும் அனுப்புவார். ஆனால் கிளம்புவதற்கு முன்பே அனுமதி வாங்கும் கட்டாயம் கிடையாது. காமன்வெல்த் நாட்டவருக்கு இருந்த சலுகை அது. அதை இழந்த முதல் காமன்வெல்த் நாடு இந்தியா அல்ல, இலங்கை. 1985 மே மாதம். காரணத்தைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. 1983 ஜூலைக்குப் பிறகு உயிர் தப்பி ஓடிவந்த தமிழர்களைத்தான் அந்த விசா குறிவைத்தது.

பெர்லின் இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான்.

மேற்கு ஜெர்மனி 1980-லேயே ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா, இலங்கை நாட்டவருக்கு விசாவைக் கட்டாயமாக்கிவிட்டது. அதே நாட்டின் அரசியல் சட்டம், அரசியல் காரணங்களுக்காகத் துன்புறுத்தப்படுபவருக்குப் புகலிடம் உரிமை என்று 1949-லேயே எழுதி வைத்திருந்தது. நாஜிக் காலத்தில் ஜெர்மனியிலிருந்து தப்பியவர்களுக்கு உலகம் கதவைச் சாத்தியது. அந்த நினைவில் எழுதிய வரி அது. ஆக நிலைமை இப்படி: உள்ளே கால் வைத்துவிட்டால் கேட்க உரிமை உண்டு, கால் வைக்கத்தான் வழியில்லை.

ஒரே ஒரு ஊரில் வழி இருந்தது. பெர்லின் சுவரைக் கட்டியது கிழக்கு ஜெர்மனி. நகரத்தைப் பிரிக்கும் அந்தக் கோட்டை மேற்கத்திய நாடுகள் சர்வதேச எல்லையாக ஏற்கவில்லை. ஏற்காத எல்லையில் பாஸ்போர்ட் சோதிப்பது எப்படி? சோதித்தால் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடுமே. அதனால் மேற்கு பெர்லின் பக்கத்தில் முறையான சோதனை இல்லை. கிழக்கு ஜெர்மனியோ, தன் விமானத்தில் வந்தால் சரி என்று, கடந்துபோகும் பயணிகளுக்கு எளிதாக அனுமதி கொடுத்தது. சோவியத்தின் ஏரோஃப்ளோட்டிலோ கிழக்கு ஜெர்மனியின் இன்டர்ஃப்ளுக்கிலோ ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்குவது, பஸ்ஸில் ஃப்ரீட்ரிக் ஸ்ட்ராஸ ரயில் நிலையம், அங்கிருந்து நகர ரயிலில் சில நிமிடம். மேற்கு. உலகத்திலேயே மிகக் கடுமையாகக் காவல் காத்த சுவரில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பையன்களுக்கு ஒரு ரயில் டிக்கெட் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. பனிப்போரின் இரண்டு தரப்பும் ஒன்றையொன்று ஏற்க மறுத்ததில் உண்டான இடைவெளி.

நீண்ட நாள் நீடிக்கவில்லை. மேற்கு ஜெர்மனி கிழக்கிடம் பேசியது. கிழக்குக்குக் கடன் தேவைப்பட்டது. 1985 ஜூலையில், மேற்கு ஜெர்மன் விசா இல்லாத இலங்கைத் தமிழரை இனி அனுமதிப்பதில்லை என்று கிழக்கு ஜெர்மனி ஒத்துக்கொண்டது. மற்ற நாட்டவருக்கு 1986 அக்டோபர் முதல் தேதியிலிருந்து அதே கதவு மூடியது.

அந்த ஒன்றரை வருடத்தின் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1985 மே: இலங்கையருக்கு பிரிட்டன் விசா. 1985 ஜூன் 14: லக்ஸம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தருகே, மோசல் ஆற்றில் ஒரு கப்பலில், ஐந்து நாடுகள் தங்களுக்கிடையிலான எல்லைச் சோதனையைப் படிப்படியாக நீக்கக் கையெழுத்திடுகின்றன. 1985 ஜூலை: தமிழருக்கு கிழக்கு பெர்லின் கதவு மூடுகிறது. 1986 செப்டம்பர்: பாரிஸ் குண்டுவெடிப்புகளைத் தொடர்ந்து பிரான்ஸ் ஏறக்குறைய எல்லா வெளிநாட்டவருக்கும் விசா கேட்கிறது. 1986 அக்டோபர்: இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நைஜீரியா, கானா நாட்டவருக்கு பிரிட்டன் விசா. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. யாரும் உட்கார்ந்து மொத்தமாகத் திட்டம் போடவில்லை. ஆனால் உள்ளே கதவுகள் திறந்த அதே காலத்தில் வெளியே கதவுகள் மூடின. உள்ளே சோதனை இருக்காது என்றால் வெளிவாசலில் இரட்டிப்பாகச் சோதிக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

இன்னொரு வரி பட்டியலிலேயே இல்லை, விமான நிலையத்தில் தெரியும். சென்னையில் போர்டிங் பாஸ் கொடுக்கும் ஊழியர் நம் விசாவை ஏன் இவ்வளவு நேரம் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்? அவர் குடியேற்ற அதிகாரி இல்லையே! 1987 பிப்ரவரியில் ஹீத்ரோவில் 58 தமிழர்களைத் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்றப் பார்த்தார்கள். அவர்கள் விமான ஓடுதளப் பகுதியிலேயே உள்ளாடை தவிர மற்ற துணிகளைக் களைந்து மறுத்து நின்றார்கள். படம் பத்திரிகைகளில் வந்தது. சில வாரங்களில் பிரிட்டன் ஒரு மசோதா கொண்டுவந்தது: உரிய காகிதம் இல்லாத பயணியை ஏற்றிவந்தால் விமான நிறுவனத்துக்குத் தலைக்கு ஆயிரம் பவுண்டு அபராதம். 1990-ல் எழுதிய ஷெங்கன் உடன்படிக்கையிலும் இதே ஏற்பாடு இடம்பெற்றது. ஐரோப்பாவின் எல்லை அப்படித்தான் மீனம்பாக்கம் வரை நீண்டது. அந்த ஊழியர் பார்ப்பது தன் கம்பெனி கட்ட வேண்டி வரும் அபராதத்தை.

1995 மார்ச் 26-ல் ஷெங்கன் நடைமுறைக்கு வந்தது. இன்று 29 நாடுகள். நம்மவர்களுக்கு இதில் லாபமும் இருக்கிறது, மறுக்க வேண்டாம். பெர்லினிலிருந்து ப்ராக் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான ரயில் பயணம். வழியில் நாடு மாறுவதே தெரியாது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமம் என்றால் முதலில் நுழையும் நாடு. 180 நாளில் 90 நாளுக்கு மேல் கூடாது. 2024 ஏப்ரலில் இந்தியருக்கு விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள்: மூன்று வருடத்துக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு இரண்டு வருட விசா, அடுத்து ஐந்து வருடம். இலங்கை பாஸ்போர்ட்டுக்கோ, ஃப்ராங்ஃபர்ட்டில் இறங்கி வெளியே வராமல் வேறு விமானம் மாறுவதற்கே தனி விசா வேண்டும். ஒரே மொழி பேசும் இரண்டு பேர், ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. கையில் இருக்கும் புத்தகத்தின் அட்டையைப் பொறுத்து இரண்டு வேறு ஐரோப்பா.

விண்ணப்பத்தில் நாம் வைக்கும் காகிதங்களை மறுபடி பாருங்கள். சம்பளச் சீட்டு, லீவு கடிதம், திரும்பும் டிக்கெட், வீட்டுப் பத்திரம். எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் சொல்கின்றன: நான் திரும்பிப் போய்விடுவேன். 1985-ல் ஃப்ரீட்ரிக் ஸ்ட்ராஸவில் நின்றவர் சொல்ல வந்தது அதற்கு நேர் எதிரான வாக்கியம்: என்னால் திரும்பிப் போக முடியாது. அவர் வாக்கியத்தைக் கேட்க விரும்பாத அமைப்பு ஒன்று உருவானது. அந்த அமைப்பிடம்தான் இன்று நாம் நம் வாக்கியத்தை ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம். “நாங்க வெறும் டூரிஸ்ட்டுங்க, அவங்க மாதிரி இல்ல” என்று சொல்லி இதைக் கடந்துவிட ஆசையாக இருக்கும். விசா வரிசையில் நிற்கும்போது எல்லோருக்கும் வரும் ஆசைதான் அது. நம் பட்டியலின் பாதி வரிகள் அவர்களைத் தடுக்க எழுதப்பட்டவை என்று தெரிந்தபிறகு அந்தப் பேச்சு நாக்கில் ஒட்டுகிறது.

சரி, விசா வந்துவிட்டது. நான்கு நாளை எப்படிப் பிரிப்பது?

சென்னையிலிருந்து பெர்லினுக்கு நேர் விமானம் கிடையாது. எங்காவது மாற வேண்டும். 2020-ல் திறந்த புதிய பெர்லின் விமான நிலையம், பழைய ஷோனஃபெல்டை ஒட்டித்தான் இருக்கிறது. ரயில் டிக்கெட் வாங்கும்போது ஏ, பி, சி மூன்று மண்டலத்துக்குமாக வாங்குங்கள், விமான நிலையம் சி மண்டலத்தில் வருகிறது. எஸ்9 ரயிலில் ஏறினால் நேராக ஃப்ரீட்ரிக் ஸ்ட்ராஸ. நிலையத்தை ஒட்டி ட்ரேனன்பலாஸ்ட், கண்ணீர் மாளிகை என்று ஊர்க்காரர்கள் பெயர் வைத்த கண்ணாடிக் கூடம் இருக்கிறது. 1962-ல் கட்டியது, கிழக்கிலிருந்து மேற்குக்குத் திரும்புகிறவர்களைச் சொந்தக்காரர்கள் வழியனுப்பிய இடம். இப்போது அருங்காட்சியகம், அனுமதி இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. பெர்னவர் தெருவில் சுவரின் ஒரு பகுதியை அப்படியே வைத்திருக்கிறார்கள். நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் கூரைக்கும் இலவசம்தான், முன்பே பதிவு செய்துகொண்டு பாஸ்போர்ட்டோடு போக வேண்டும்.

ஒரு மாலையை பிரிட்ஸ் பகுதிக்கு ஒதுக்கலாம். அங்கே ஸ்ரீ மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது, பெர்லின் வாழ் ஈழத்தமிழர்கள் எழுப்பியது. நாம் நான்கு நாளில் திரும்ப வேண்டிய ஊரில் நாற்பது வருடமாக இருப்பவர்கள் அங்கே வருவார்கள். எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்க வேண்டாம். அவர்களாகப் பேச்சைத் தொடங்கினால், எஸ்9-க்கு இன்னும் நேரம் இருக்கிறது, உட்கார்ந்து கேளுங்கள்.